துப்பாக்கி லைசென்ஸ் இருந்தா சுட்டுடலாமா? தற்காப்பு பற்றி சட்டம் என்ன சொல்லுது? முழு விவரம்!

2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 3 பேர் கொலை செய்யப்பட்டனர். 2025 மே மாதம் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, தனியாக வசித்த வயதான தம்பதி கொல்லப்பட்டனர். இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம், ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள், நகைக்கடை வைத்திருப்பவர்கள், கையில் பணத்தோடு இரவில் வீடு திரும்பும் வியாபாரிகள் ஆகியோரிடம் ஒரு பேச்சு கிளம்பும். "பேசாம ஒரு லைசென்ஸ் போட்டு துப்பாக்கி வாங்கி வச்சுக்கலாமா?" என்பதுதான் அது.

பயம் நியாயமானது. ஆனால் துப்பாக்கி வாங்குவதைப் பற்றி பேசும் அளவுக்கு, வாங்கிய பிறகு என்னென்ன பொறுப்புகள் வரும் என்பதைப் பற்றி பலரும் பேசுவதில்லை. லைசென்ஸ் என்பது சுடுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. அது துப்பாக்கியை வைத்திருக்கவும், எடுத்துச் செல்லவும் தரப்படும் அனுமதி மட்டுமே. சுட்டது சரியா தவறா என்பதை வேறொரு சட்டம்தான் முடிவு செய்யும்.

அந்த இரண்டு சட்டங்களும் என்ன சொல்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

துப்பாக்கி வைத்திருப்பது நம் உரிமையா?

இல்லை. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அந்நாட்டு அரசியலமைப்பின் 2-வது திருத்தம் தரும் உரிமை. இந்தியாவில் அப்படி ஓர் அடிப்படை உரிமை கிடையாது. 2023 பிப்ரவரியில், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் தொடர்பான வழக்கை விசாரித்தபோது உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியது.

இங்கு எல்லாமே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழும், 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின் கீழும்தான் நடக்கிறது. அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்வது இதுதான்: லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, எடுத்துச் செல்லவும் கூடாது. மீறினால் குறைந்தபட்சம் 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறை. அபராதமும் உண்டு. தடை செய்யப்பட்ட ரகத் துப்பாக்கி என்றால் தண்டனை இன்னும் கடுமையாகும்.

"என் குடும்பத்தைக் காப்பாத்தத்தான் வச்சிருந்தேன்" என்று சொன்னால் விட்டுவிடுவார்களா? நடிகர் சஞ்சய் தத் வழக்கை நினைத்துப் பார்த்தால் போதும். குடும்பத்தின் பாதுகாப்புக்காகவே துப்பாக்கி வைத்திருந்ததாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. ஆனாலும் சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2016 பிப்ரவரியில்தான் அவர் வெளியே வந்தார்.

யாருக்கு லைசென்ஸ் கிடைக்கும்?

விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்துக்கோ ஒழுக்கக்கேடான குற்றத்துக்கோ சிறைத் தண்டனை பெற்றவர்கள், தண்டனைக் காலம் முடிந்து 5 ஆண்டுகள் வரை விண்ணப்பிக்க முடியாது. அமைதியைக் காப்பதாக நீதிமன்றத்தில் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தவர்களுக்கும், அந்தப் பத்திரம் அமலில் இருக்கும்வரை கிடைக்காது. மனநலம் சரியில்லாதவர்களுக்கும் இல்லை.

மாவட்டங்களில் கலெக்டரிடமும், சென்னை போன்ற மாநகரக் காவல் ஆணையரகப் பகுதிகளில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூர் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தரும். உடல்நலம், மனநலம் குறித்த மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்ற சான்று, வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வதாக எழுதித் தரும் உறுதிமொழி ஆகியவையும் தேவை.

ரிவால்வர், பிஸ்டல் போன்ற கைத்துப்பாக்கி கேட்பவர், தனக்கு அது ஏன் தேவை என்பதற்கு வலுவான காரணத்தைக் காட்ட வேண்டும். "எல்லாரும் வச்சிருக்காங்க, நானும் வச்சுக்கறேன்" என்பது காரணம் ஆகாது. அதே நேரம், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. மறுத்தால் அதற்கான காரணத்தை அதிகாரி எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்ய வேண்டும். பொதுவாக அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் அதிகபட்சமாக 2 துப்பாக்கிகள் மட்டுமே வைத்திருக்க முடியும். அதற்கு முன்பு 3 வரை அனுமதி இருந்தது. லைசென்ஸின் ஆயுள் 3 ஆண்டில் இருந்து 5 ஆண்டாக உயர்ந்ததும் இதே திருத்தத்தில்தான். லைசென்ஸ் விவரங்கள் எல்லாம் தேசிய அளவிலான தரவுத்தளத்தில் பதிவாகும். ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தனி அடையாள எண் இருக்க வேண்டும்.

வெளியே எடுத்துச் செல்லும்போது மறைத்து வைக்கணுமா, வெளியே தெரியணுமா?

இங்குதான் பலருக்கும் குழப்பம். அமெரிக்காவில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வது, ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வது என இரண்டுக்கும் தனித்தனி விதிகள் வைத்திருக்கும் மாநிலங்கள் உண்டு. இந்தியாவில் மறைத்துக் கொண்டு போக என்று தனி லைசென்ஸ் கிடையாது. எடுத்துச் செல்லும் அனுமதி உள்ளவர், பொது இடத்தில் அதை முழுவதும் மூடிய நிலையில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது 2016 விதிகளில் உள்ள கட்டாயம்.

கைத்துப்பாக்கி என்றால், அதற்கென்று செய்த உறையில் உடலோடு சேர்த்தோ, அதற்கேற்ற பையிலோ வைத்திருக்க வேண்டும். துப்பாக்கி முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். அதே நேரம் அது முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பையைக் காரின் பின் சீட்டில் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தால், அது கட்டுப்பாட்டில் இருப்பதாக யாரும் ஏற்க மாட்டார்கள்.

பொது இடத்தில் உறையில்லாமல் எடுத்துச் செல்வது, மற்றவர்கள் பார்க்க நீட்டிக் காட்டுவது, சுடுவது எல்லாமே தடை செய்யப்பட்டவை. வெற்றுத் தோட்டா போட்டு சத்தம் மட்டும் எழுப்பினாலும் தடைதான். இடுப்பில் துப்பாக்கி தெரிகிற மாதிரி ரீல்ஸ் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. லைசென்ஸை ரத்து செய்ய அதுவே போதுமான காரணமாகிவிடலாம்.

எங்கெல்லாம் கொண்டு போகக் கூடாது?

சிறப்பு அனுமதி இல்லாமல் திருவிழா, சந்தை, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் ஆகிய இடங்களுக்குத் துப்பாக்கியைக் கொண்டு செல்லக் கூடாது. இது லைசென்ஸிலேயே இருக்கும் நிபந்தனை. அந்த லைசென்ஸ் எந்தெந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதும் அதிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். வெளிமாநிலம் போவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்வது அவசியம். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவது வட மாநிலங்களில் பல உயிர்களைப் பறித்திருக்கிறது. அதனால் 2019 திருத்தத்தில் இதற்கென்றே தனிக் குற்றப் பிரிவு சேர்க்கப்பட்டது. கொண்டாட்டத்தில் சுட்டோ, அஜாக்கிரதையாகச் சுட்டோ பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விமானப் பயணத்தில் இன்னும் கவனம் தேவை. கைப்பையில் துப்பாக்கியோ தோட்டாவோ கொண்டு போகவே முடியாது. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவித்து, தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, உரிய ஆவணங்களோடு செக்-இன் லக்கேஜில்தான் அனுப்ப வேண்டும். பழைய பையின் மூலையில் மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் சிக்கி, வழக்கு வரை போன சம்பவங்கள் நாட்டின் பல விமான நிலையங்களில் நடந்திருக்கின்றன. தெரிந்தே வைத்திருந்தாரா என்பதைத்தான் இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அப்படித் தெரியாமல் நடந்தது என்று நிரூபணமாகி வழக்கு முடியலாம். ஆனால் அன்றைய விமானம் போனது போனதுதான்.

வீட்டில் வைத்திருக்கும்போது?

2024 அக்டோபர் 1-ம் தேதி அதிகாலை, இந்தி நடிகர் கோவிந்தாவின் காலில் அவருடைய லைசென்ஸ் பெற்ற ரிவால்வரில் இருந்தே குண்டு பாய்ந்தது. அலமாரியில் வைக்கும்போது கை தவறி விழுந்து வெடித்ததாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. மருத்துவமனையில் குண்டு அகற்றப்பட்டு அவர் உயிர் தப்பினார். திருடனும் இல்லை, தாக்குதலும் இல்லை. ஆபத்து வந்தது வீட்டில் இருந்த துப்பாக்கியால்தான்.

துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, தோட்டாவைத் தனியாக வைப்பது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் லைசென்ஸ் வைத்திருப்பவரின் பொறுப்பு. இன்னொரு முக்கியமான விஷயம், லைசென்ஸ் ஒருவரின் பெயரில் இருந்தால் அது வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொருந்தாது. "அப்பா லைசென்ஸ்தானே" என்று மகன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனால், அவர் லைசென்ஸ் இல்லாதவராகத்தான் கருதப்படுவார். பழுது பார்ப்பதற்கோ லைசென்ஸைப் புதுப்பிப்பதற்கோ, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு வேறொருவர் எடுத்துச் செல்வதற்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு. எதிரே இருப்பவருக்கு ஆயுதம் வைத்திருக்கத் தகுதி உள்ளதா என்று பார்க்காமலேயே கொடுத்தால், கொடுத்தவர் மீதும் வழக்கு வரும்.

லைசென்ஸ் வைத்திருப்பவர் கட்டாயம் செய்ய வேண்டியவை

* போலீஸ் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய அதிகாரம் உண்டு. பெயர், முகவரி சொல்ல மறுத்தால் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

* துப்பாக்கி காணாமல் போனாலோ திருடு போனாலோ, உடனடியாக அருகில் உள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும்.

* வீடு மாறினால் 30 நாளுக்குள் லைசென்ஸ் அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும்.

* விற்பதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். வாங்குபவருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

* லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டால், அந்த நிமிடம் முதல் அது சட்டவிரோதத் துப்பாக்கி. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசுகள் செய்ய வேண்டியதும் இதுதான். பிறகு வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

* தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஒவ்வொரு மாவட்டத்திலும் லைசென்ஸ்கள் பரிசீலிக்கப்படும். ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் ஒப்படைத்துவிட்டு, தேர்தல் முடிந்த பிறகே திரும்பப் பெற முடியும். வங்கிக் காவலர்கள், துப்பாக்கிச் சுடும் வீரர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு.

சரி, உண்மையிலேயே ஆபத்து வந்தால் சுடலாமா?

இப்போதுதான் இரண்டாவது சட்டம் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ், அமலில் இருக்கிறது. அதன் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசுகின்றன. துப்பாக்கி வைத்திருப்பவர், கையில் கிடைத்த உலக்கையை எடுப்பவர், வெறும் கையால் தடுப்பவர் என எல்லோருக்கும் இந்த ஒரே சட்டம்தான்.

தன் உயிரையும் உடலையும் மட்டுமல்ல, பிறரின் உயிரையும் உடலையும் காக்கவும் இந்த உரிமை உண்டு. சொத்தைக் காக்கவும் உண்டு. ஆனால் 37-வது பிரிவு இரண்டு பெரிய கடிவாளங்களைப் போடுகிறது. ஒன்று, போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. இரண்டு, தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் எதிராளிக்குத் தீங்கு செய்யக் கூடாது.

எதிராளியின் உயிர் போகும் அளவுக்குத் தற்காத்துக்கொள்ள எப்போது அனுமதி? 38-வது பிரிவு பட்டியல் போடுகிறது. தாக்குதலால் உயிர் போய்விடும் என்றோ, கொடுங்காயம் ஏற்படும் என்றோ நியாயமான அச்சம் இருக்க வேண்டும். அல்லது பாலியல் வன்கொடுமை, இயற்கைக்கு மாறான பாலியல் தாக்குதல், ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு ஆகிய நோக்கங்களோடு தாக்குதல் நடக்க வேண்டும். போலீஸைத் தொடர்புகொள்ளவே முடியாதபடி அடைத்து வைக்க முயல்வதும் இதில் வரும்.

சொத்து விஷயத்தில் 41-வது பிரிவு இன்னும் குறுகலானது. கொள்ளை, சூரியன் மறைந்த பிறகு விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, வீட்டுக்குத் தீ வைப்பது, உயிர்ப்பயமோ கொடுங்காயப் பயமோ உண்டாகும் சூழலில் நடக்கும் திருட்டு அல்லது அத்துமீறல் என இவற்றில் மட்டுமே உயிர் போகும் அளவுக்கான தற்காப்பு ஏற்கப்படும். அப்போதும் 37-வது பிரிவின் கடிவாளம் கூடவே இருக்கும்.

சில சூழ்நிலைகளைப் பார்த்தால் புரியும்.

நள்ளிரவில் தோட்டத்து வீட்டின் கதவை உடைத்து, கையில் அரிவாளோடு ஒருவன் உள்ளே வருகிறான். வீட்டில் இருப்பவர் சுடுகிறார். உயிர்ப்பயம் நேரடியாக இருக்கிறது, போலீஸ் வரும்வரை காத்திருக்க நேரமும் இல்லை. தற்காப்பு வாதம் இங்கு வலுவாக நிற்கும்.

அதே ஆள் துப்பாக்கியைப் பார்த்ததும் அரிவாளைப் போட்டுவிட்டு வரப்பில் இறங்கி ஓடுகிறான். பின்னால் இருந்து முதுகில் சுட்டால்? உயிருக்கான ஆபத்து முடிந்துவிட்டது. ஆபத்து பற்றிய அச்சம் இருக்கும்வரைதான் இந்த உரிமையும் இருக்கும். அவன் இறந்துவிட்டால், சுட்டவர் கொலை வழக்கை எதிர்கொள்ள நேரிடும்.

பகலில் தோப்பில் தேங்காய் திருடுபவனை நோக்கிச் சுட்டால்? அதில் உயிர்ப்பயம் எங்கே இருக்கிறது? பிடிக்கலாம், தடுக்கலாம், போலீஸைக் கூப்பிடலாம். சுட்டுக் கொல்ல அனுமதி இல்லை.

பார்க்கிங் தகராறில் "சுட்டுடுவேன்" என்று துப்பாக்கியை நீட்டினால்? ஒரு தோட்டா கூட வெடிக்க வேண்டாம். கொலை மிரட்டல் குற்றத்துக்கு பி.என்.எஸ் 351-ன் கீழ் 7 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். லைசென்ஸும் போகும். சண்டையைத் தானே தொடங்கிவிட்டு, பிறகு தற்காப்பு என்று சொல்வதையும் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

சுட்ட பிறகு என்ன நடக்கும்?

தற்காப்புக்காகவே சுட்டிருந்தாலும், ஒருவர் இறந்திருந்தால் போலீஸ் வழக்குப் பதிவு செய்யும், துப்பாக்கியைக் கைப்பற்றும், தடயவியல் சோதனைக்கு அனுப்பும். கைது நடவடிக்கையும் இருக்கலாம். "தற்காப்புக்காகத்தான் சுட்டேன்" என்பதைக் காட்டும் பொறுப்பு சுட்டவருடையது. பாரதிய சாக்ஷிய அதினியம் 108-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் இதில் ஓர் ஆறுதல் உண்டு. குற்றத்தை நிரூபிக்க அரசுத் தரப்புக்குத் தேவைப்படுவது போல, சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் சுட்டவருக்குத் தேவையில்லை. தற்காப்புக்கு வாய்ப்பு அதிகம் என்று நீதிமன்றம் ஏற்கும் அளவுக்குச் சூழ்நிலையைக் காட்டினால் போதும்.

2010-ல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நிலத் தகராறில் தன் தந்தையைக் கூரிய ஆயுதத்தால் தலையில் தாக்கியவரை மகன் சுட்ட வழக்கு அது. கீழ் நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, கடைசியில் உச்ச நீதிமன்றம் தற்காப்பை ஏற்று விடுவித்தது. ஆபத்தில் இருப்பவர் எத்தனை அடி அடிக்கலாம் என்று தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது, கோழை போல ஓடித்தான் ஆக வேண்டும் என்றும் கட்டாயமில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் 1991-ல் நடந்த சம்பவத்துக்கு இறுதித் தீர்ப்பு வந்தது 2010-ல் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தற்காப்பு உரிமை இருந்தும், நல்லெண்ணத்தோடு செயல்பட்டு, அந்த வேகத்தில் அளவு மீறிவிட்டால்? அது கொலைக் குற்றம் ஆகாது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் கருதப்படும். ஆனாலும் பி.என்.எஸ் 105-ன் கீழ் ஆயுள் வரை தண்டனை போகலாம்.

அப்படி ஒரு சூழல் வந்துவிட்டால் உடனே செய்ய வேண்டியவை: 112-க்கு அழைத்து போலீஸுக்குத் தகவல் சொல்வது, அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸ் வரவழைப்பது, சம்பவ இடத்தைக் கலைக்காமல் இருப்பது, துப்பாக்கியை மறைக்காமல் ஒப்படைப்பது, வழக்கறிஞரை அழைப்பது. பயத்தில் துப்பாக்கியைக் கிணற்றில் வீசினாலோ ஊரைவிட்டுப் போனாலோ, உண்மையான தற்காப்புகூட குற்றமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கவனத்துக்கு

2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காக வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வதும் அரசியலமைப்பு தரும் உரிமை என்று தீர்ப்பளித்தது. அங்கு பல மாநிலங்களில் பெர்மிட் இல்லாமலேயே மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனால் எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அங்கு மத்திய அரசின் சட்டப்படி குற்றம். நண்பரின் துப்பாக்கியை வாங்கித் தன் வீட்டில் வைத்திருப்பதுகூட சிக்கலில் முடியலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

அப்போ லைசென்ஸ் வாங்கலாமா, வேண்டாமா?

அது அவரவர் சூழலைப் பொறுத்தது. உண்மையான அச்சுறுத்தல் இருப்பவருக்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கும் முன் சில கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா? குழந்தைகள், அடிக்கடி கோபப்படுபவர்கள், மதுப் பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் இருக்கிறார்களா? ஆண்டுக்கணக்கில் பயிற்சியைத் தொடர முடியுமா? பூட்டிய பெட்டியில் இருக்கும் துப்பாக்கி, இரவு 2 மணிக்குக் கதவு உடையும்போது கைக்கு வந்துவிடுமா?

கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், நல்ல கதவு, வெளிச்சம், சிசிடிவி கேமரா, நாய், அக்கம் பக்கத்தாரின் போன் நம்பர், உள்ளூர் காவல் நிலையத்தில் பதிவு செய்துவைத்த முகவரி ஆகியவைதான் முதலில் வேண்டியவை. இவற்றுக்கு லைசென்ஸும் வேண்டாம், வழக்கும் வராது.